பட்டத்தின் பெயரைக் கேட்டுத் திருப்பி அனுப்பாதீர்கள்: உளவியல் பாடத்திட்டக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் உளவியல் பாடத்திட்டக் குழுக்களில் இடம்பெற்றிருக்கும் பேராசிரியப் பெருமக்களுக்கும், தென் மாவட்டங்களில் முதுநிலை உளவியல் வகுப்பை நடத்திவரும், நடத்த எண்ணியிருக்கும் கல்லூரிகளின் முதல்வர்களுக்கும் வணக்கம்.

நான் அம்பாசமுத்திரம் வட்டத்தைச் சேர்ந்தவள். வணிகவியலில் பட்டம் பெற்று, வங்கித் தேர்வு எழுதி, 11 ஆண்டுகளாக ஒரு வங்கிக் கிளையில் வேலை பார்க்கிறேன். அதில் 7 ஆண்டுகள் நகைக்கடன் பிரிவில். வயது 35. உளவியலில் முதுநிலைப் பட்டம் படிக்க வேண்டும் என்று 3 ஆண்டுகளாக முயன்று, ஒவ்வொரு வாசலாகத் திரும்பி வந்த பிறகு இந்த மடலை எழுதுகிறேன். எனக்கு ஓர் இடம் வாங்கிக்கொள்வதற்காக இதை எழுதவில்லை. என்னைப் போல் வேறு துறையில் படித்து, வேலை செய்து, வாழ்க்கையின் நடுவில் இந்தப் படிப்பை நோக்கி வருகிறவர்களை எப்படிச் சேர்த்துக்கொள்வது என்பதை நீங்கள் ஒரு முறை உட்கார்ந்து பேச வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

நான் ஏன் வந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நகைக்கடன் மேசைக்கு ஒரு நாளில் எத்தனை வீட்டுக் கதைகள் வந்து சேரும் என்பது வெளியே இருப்பவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. மதிப்பீட்டாளர் நகையை உரைகல்லில் உரசி, கல் கழிவும் அரக்குக் கழிவும் போக எத்தனை கிராம் என்று எழுதித் தருகிற வரைக்கும் எதிரே நிற்பவர்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள். மகளுக்குக் கல்லூரிக் கட்டணம், உரக்கடைப் பாக்கி, மாமியாருக்குக் கண் ஆபரேஷன் என்று யாரும் கேட்காமலே சொல்வார்கள். கழுத்தில் கிடந்ததைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு வாய் திறக்காமல் நிற்பது யாருக்கும் எளிதல்ல என்பதை நான் அங்கே உட்கார்ந்துதான் கண்டுகொண்டேன்.

4 ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழி மாதத்தில், நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் ஏல நோட்டீஸை நான்காக மடித்துக் கையில் பொத்தி வைத்துக்கொண்டு வந்தார். அடகிலிருந்தது ஒரு ஜோடிக் கம்மல்; மூன்றரை கிராம். வைத்தவர் அவருடைய கணவர். அவர் இரண்டு மாதங்களுக்கு முன் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார் என்பதை, இறப்புச் சான்றிதழை எடுத்து வைக்கும்போதுதான் அந்தப் பெண் சொன்னார். நான் நாற்காலி போட்டு உட்காரச் சொல்லி, அசலும் வட்டியும் சேர்த்து எவ்வளவு என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் திடீரென்று, "எம்மா, அன்னைக்கு நான் கொஞ்சம் வெள்ளென வீட்டுக்கு வந்திருந்தா அவிய இருந்திருப்பாவளா?" என்று கேட்டார். நான் கணினியைப் பார்த்தபடியே, "பணம் அடுத்த வாரம் கட்டினாலும் போதும்க்கா, ஏலத்துக்குப் போகாம நான் பாத்துக்கிடுதேன்" என்றேன். வங்கி ஊழியராக அது சரியான பதில். அவர் கேட்ட கேள்விக்கு அது பதிலே இல்லை. அவர் தலையை ஆட்டிவிட்டு, நோட்டீஸை மறுபடியும் அதே மடிப்பில் மடித்துக்கொண்டு போனார்.

அந்தக் கேள்விக்கு என்ன சொல்லியிருக்க வேண்டும், எதைச் சொல்லியிருக்கக் கூடாது, பேசாமல் இருந்திருக்க வேண்டுமா என்ற யோசனையோடுதான் நான் உளவியல் பக்கம் வந்தேன். விடுமுறைச் சனிக்கிழமைகளில் பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்துக்குப் போய் உட்கார ஆரம்பித்தேன். இழப்புக்குப் பின் வரும் குற்ற உணர்வைப் பற்றியும், தற்கொலையில் ஒருவரை இழந்த குடும்பத்தாரிடம் அந்த "இருந்திருந்தால்" என்ற கேள்வி எப்படி ஓயாமல் திரும்பத் திரும்ப வரும் என்பதைப் பற்றியும் ஆய்வாளர்கள் ஏராளமாக எழுதி வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தபோது, எனக்கு ஆறுதலாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. ஆறுதல், இதைக் கற்றுக்கொள்ள முடியும் என்பதால். வெட்கம், கற்காமலே அத்தனை ஆண்டுகள் அந்த மேசையில் உட்கார்ந்திருந்ததால்.

படிக்கத் தொடங்கியபின் என் காது மாறியது. மனச்சோர்வை அளக்க உலகெங்கும் பயன்படும் ஒன்பது கேள்விப் படிவம் ஒன்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். கடந்த இரண்டு வாரங்களில் எத்தனை நாள் இப்படி இருந்தது என்று கேட்டு, ஒவ்வொரு கேள்விக்கும் பூஜ்யம் முதல் மூன்று வரை மதிப்பெண் போட்டு, மொத்தம் இருபத்தேழுக்குக் கூட்டிப் பார்க்கும் படிவம். அதன் முதல் கேள்வி, செய்யும் காரியங்களில் ஆர்வமோ மகிழ்ச்சியோ குறைந்திருக்கிறதா என்பது. எங்கள் பக்கத்தில் யாரும் "எனக்கு ஆர்வம் குறைந்துவிட்டது" என்று சொல்லி நான் கேட்டதில்லை. "எதுலயும் மனசு ஒட்ட மாட்டேங்கு" என்பார்கள். தூக்கமின்மையை "கண்ண மூடுனா ஒறக்கம் வர மாட்டேங்கு, நெஞ்சு படபடன்னு அடிக்கு" என்பார்கள். வயதான ஆச்சிமார்கள் "ஒடம்பு அசதி" என்ற இரண்டு சொல்லுக்குள் எல்லாவற்றையும் வைத்துவிடுவார்கள். அந்த அசதியில் எது இரத்தசோகை, எது துக்கம் என்று பிரித்தறிய இரண்டு அறிவு வேண்டும். ஒன்று உங்கள் வகுப்பறையில் கிடைப்பது. மற்றொன்று இந்த ஊரில் வளர்ந்து, இவர்களோடு பல ஆண்டுகள் பேசிப் பழகினால் வருவது. இரண்டாவதைக் கையில் வைத்துக்கொண்டு முதலாவதைக் கேட்டு வருகிறவர்களைத்தான் சேர்க்கை விதியின் ஒரு வரி தடுத்துவிடுகிறது.

முதன்முதலில் நான் விண்ணப்பித்த கல்லூரியின் பெயர் இங்கே தேவையில்லை. விண்ணப்பத்தை வாங்கிய அலுவலர், இளநிலைப் பட்டத்தில் "உளவியல்" என்ற சொல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவரிடம் இருந்த வழிகாட்டுக் குறிப்பு அப்படி. துறைத்தலைவரைப் பார்க்க வேண்டும் என்று காத்திருந்தேன். அவர் மதிய உணவைத் தள்ளி வைத்துவிட்டு அரை மணி நேரம் பேசினார். "மூன்று வருஷம் சோதனைக்கூடத்தில் வேலை செய்தவனும் நீங்களும் ஒரே வகுப்பில் உட்கார்ந்தால் நான் யாருக்குப் பாடம் நடத்துவதும்மா? உங்களுக்காக முதல் பாடத்திலிருந்து தொடங்கினால் அவனுடைய இரண்டு வருஷம் வீண். அவனுக்காக நடத்தினால் உங்கள் இரண்டு வருஷம் வீண்" என்றார். நியாயமான கேள்வி. இந்த மடல் முழுவதுமே அவருடைய அந்தக் கேள்விக்கு நான் தேடிக் கண்ட பதில் என்று சொல்லலாம்.

நிலைமை இடத்துக்கு இடம் வேறுபடுகிறது என்பதையும் கண்டேன். சில கல்லூரிகள் உளவியல் இளநிலைப் பட்டத்தைக் கட்டாயமாகக் கேட்கின்றன. வேறு சில, எந்தப் பட்டம் பெற்றிருந்தாலும் சேர்த்துக்கொள்கின்றன. பின்னதைக் கேட்டு முதலில் மகிழ்ந்தேன். ஆனால் அப்படிச் சேர்ந்து படித்த ஒரு தோழி சொன்னதைக் கேட்டபோது அந்த மகிழ்ச்சி பாதியாகக் குறைந்தது. முதல் பருவத்திலேயே மாறுபாட்டுப் பகுப்பாய்வு என்ற புள்ளியியல் முறை கொண்ட ஆய்வு முறையியல் தாள், மூளை நரம்பியல் தாள், ஒன்றன்பின் ஒன்றாகச் செய்முறைப் பதிவேடு. அவள் தமிழ் இலக்கியம் படித்தவள். நீச்சல் தெரியாதவளைப் பாபநாசத்து ஆற்றில் இறக்கிவிட்ட மாதிரி இருந்தது என்றாள். தேறிவிட்டாள், ஆனால் விடைத்தாளுக்காக மனப்பாடம் செய்த பகுதி எது, புரிந்து படித்த பகுதி எது என்று இன்றைக்கும் தனக்கே தெரியவில்லை என்கிறாள். வாசலில் நிறுத்துவதும் சரியில்லை, ஒன்றும் சொல்லித்தராமல் உள்ளே விட்டுவிடுவதும் சரியில்லை.

இதற்கு இடையில் மூன்றாவது ஒரு வழி இருந்தது. வேலையில் இருப்பவர்களும், கைக்குழந்தை வைத்திருக்கும் பெண்களும், எங்களைப் போல் பெருநகரத்திலிருந்து தொலைவில் இருப்பவர்களும் ஆண்டுக்கணக்காக நம்பியிருந்த தொலைநிலைக் கல்வி. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் முதுகலை உளவியலில் எந்தப் பட்டம் பெற்றவரும் சேரலாம் என்றிருந்தது. 2025-ஆம் ஆண்டு ஜூலை–ஆகஸ்ட் பருவத்திலிருந்து உளவியலையும் உடல்நலம் சார்ந்த வேறு சில படிப்புகளையும் தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்துவிட்டது. அந்த முடிவின் நோக்கத்தோடு எனக்குச் சண்டை இல்லை. ஒரு மனிதரின் துயரத்தோடு வேலை செய்யப் போகிறவர், ஆசிரியர் எதிரே உட்கார்ந்து, தவறு செய்து, திருத்தப்பட்டுக் கற்க வேண்டும் என்பதை நான் முழு மனதோடு ஏற்கிறேன். அஞ்சலில் வந்த புத்தகத்தைப் படித்து அந்தப் பெண்ணின் கேள்விக்குப் பதில் சொல்லக் கற்றுக்கொண்டிருக்க முடியாது. ஆனால் ஒரு வழியை அடைக்கும்போது, அதில் நடந்துகொண்டிருந்தவர்கள் இனி எந்த வழியில் வருவார்கள் என்று யாராவது பார்க்க வேண்டும். அதைப் பார்க்கக்கூடிய இடத்தில் இருப்பவர்கள் நீங்கள்தான்.

விதியும் இப்போது இடம் கொடுக்கிறது. இளநிலை, முதுநிலைப் பட்டங்களுக்கான குறைந்தபட்சக் கற்பித்தல் தரம் குறித்து மானியக் குழு 2025-இல் வெளியிட்ட விதிமுறைகள், உரிய நுழைவுத் தேர்வில் தேறும் ஒருவர் இளநிலையில் எந்தத் துறையைப் படித்திருந்தாலும் முதுநிலையில் வேறு துறையில் சேரலாம் என்கின்றன. அந்த விதிமுறைகளின் மற்றப் பகுதிகளில் உங்களுக்கு ஆயிரம் கருத்து வேறுபாடு இருக்கலாம். இந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, நம் மாநிலத்துக்கு ஏற்ற வகையில் நீங்களே ஒரு முறையை வகுக்கலாமே என்பதுதான் நான் கேட்பது.

இந்தத் துறையின் வரலாறே வேறு துறையிலிருந்து வந்தவர்களால் ஆனது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் எனக்குத் தைரியம் கொடுத்த இருவரைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை புதிதாகத் தொடங்கப்பட்டபோது, ஏற்கெனவே மருத்துவம் படித்து நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்த கிரீந்திரசேகர் போஸ் அங்கே மாணவராகச் சேர்ந்து 1917-இல் முதுநிலைப் பட்டம் பெற்றார். ஐந்தே ஆண்டுகளில், 1922-இல், இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தைத் தொடங்கினார். மற்றவர் அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ். வேளாண்மை படிக்கக் கல்லூரிக்குப் போய், வரலாற்றுக்கு மாறி, அதில் பட்டம் பெற்று, இறையியல் கல்லூரிக்குப் போய், அங்கிருந்து கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் உளவியலுக்கு வந்து சேர்ந்தவர். ஆலோசனைக்கு வருகிறவரைத் திருத்த முயலாமல் முதலில் அவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்று இன்று உங்கள் வகுப்புகளில் சொல்லித்தரப்படுவதில் பெரும்பங்கு அவருடையது. அவர் இன்று நம் ஊர்க் கல்லூரி ஒன்றில் விண்ணப்பம் கொடுத்தால், வரலாற்றுப் பட்டத்தைப் பார்த்து அது திரும்பி வந்துவிடும்.

ஆகவே, அந்தத் துறைத்தலைவரின் கேள்விக்கு என் பதிலைச் சொல்கிறேன். முதுநிலை வகுப்பு தொடங்குவதற்கு முன், வேறு துறையிலிருந்து வருகிறவர்களுக்கென்று ஆறு மாதத்துக்கு ஓர் இணைப்புப் பருவம் வையுங்கள். அதில் பொது உளவியல், உயிர் உளவியல், புள்ளியியலோடு சேர்ந்த ஆய்வு முறை ஆகிய மூன்று தாள்களும், கட்டாயமாக ஒரு சோதனைக்கூடத் தாளும் இருக்கட்டும். கடைசியில் ஒரு தேர்வு வையுங்கள். கடுமையான தேர்வாகவே இருக்கட்டும். தேறாதவரைத் திருப்பி அனுப்புங்கள், அதில் யாருக்கும் வருத்தம் இருக்காது. தேறியவர், மூன்று ஆண்டு உளவியல் படித்தவரின் பக்கத்தில் தலைகுனியாமல் உட்காருவார், ஆசிரியருக்கும் யாருக்குப் பாடம் நடத்துவது என்ற குழப்பம் இருக்காது. ஒவ்வொருவருக்கும் எல்லாத் தாளும் தேவைப்படாது என்பதையும் கவனியுங்கள். வணிகவியல் படித்த எனக்குச் சராசரியும் திட்ட விலக்கமும் ஒட்டுறவுக் கெழுவும் தொடர்புப் போக்கும் புதியவை அல்ல, நாங்கள் வணிகப் புள்ளியியலில் அவற்றைக் கையால் போட்டுப் பழகியவர்கள். எனக்கு இல்லாதது மூளையைப் பற்றிய அறிவும், சோதனைக்கூடப் பயிற்சியும். செவிலியர் ஒருவருக்கு இதற்கு நேர்மாறாக இருக்கும். எதில் குறை என்று பார்த்து அதை நிரப்பச் சொல்வது, பட்டத்தின் பெயரைப் பார்த்து மறுப்பதைவிடப் பொறுப்பான செயல் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது, நேரம். இரண்டு ஆண்டுகள் வேலையை விட்டுவிட்டு முழுநேரம் படிக்க என்னைப் போன்றவர்களால் முடியாது. வீட்டுக்கடன் தவணை ஓடுகிறது. அம்மாவுக்கு மாதாமாதம் சர்க்கரை மாத்திரை. அம்பாசமுத்திரத்திலிருந்து திருநெல்வேலிக்கு ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம், செங்கோட்டைப் பாசஞ்சரில் வந்தாலும் ஏறக்குறைய அவ்வளவுதான். மாலை வகுப்பாகவோ, சனி ஞாயிறு வகுப்பாகவோ திருநெல்வேலியில் நடந்தால், தென்காசியிலிருந்தும் நாங்குநேரியிலிருந்தும் திருவைகுண்டத்திலிருந்தும் வந்து படிப்பார்கள். வகுப்புக்கு நேரில் வர வேண்டும் என்ற விதியும் காக்கப்படும், வேலையும் நிற்காது. இரண்டு ஆண்டுப் படிப்பை மூன்று ஆண்டாக நீட்டினாலும் எங்களுக்குச் சம்மதம். பாளையங்கோட்டையில் இத்தனை கல்லூரிகள் ஒன்றையொன்று அடுத்து இருக்கின்றன. சாயங்காலம் ஐந்து மணிக்குமேல் வெறுமனே கிடக்கும் வகுப்பறைகளை அவ்வழியே பேருந்தில் போகும்போதெல்லாம் பார்க்கிறேன்.

இந்தப் பக்கத்தில் ஆள் தேவை இருக்கிறதா என்று கேட்பீர்களானால், மூன்று செய்திகளைச் சொல்கிறேன். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-இல் தமிழ்நாட்டில் தற்கொலையால் இறந்தவர்கள் 19,834 பேர். மகாராஷ்டிரத்துக்கு அடுத்து நாட்டிலேயே இரண்டாவது இடம். அந்த எண்ணிக்கையில் ஒவ்வொன்றுக்குப் பின்னாலும், நோட்டீஸை நான்காக மடித்துக்கொண்டு வந்த அந்தப் பெண்ணைப் போல் ஒருவராவது இருப்பார். இரண்டாவது, 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரும் அவர் தங்கையும் உடன் படித்தவர்களாலேயே சாதி வன்மத்தில் வீடு புகுந்து வெட்டப்பட்டது. அதன்பின் நீதிபதி கே. சந்துரு தலைமையில் அமைக்கப்பட்ட ஒரு நபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதிக் கயிறு கட்டிக்கொண்டு பள்ளிக்கு வருகிற பையனிடமும், அவனைக் கண்டு பயந்து பள்ளிக்கு வராமல் நின்றுவிட்ட பையனிடமும் பேசத் தெரிந்தவர்கள் இந்த மாவட்டத்துப் பள்ளிகளுக்கு வேண்டும். இந்த ஊரில் சாதி எந்தத் தெருவில் எப்படிப் பேசும் என்று தெரிந்தவரால்தான் அது முடியும். சென்னையிலிருந்து வாரம் ஒரு நாள் வந்து போகிறவர் அதைப் புரிந்துகொள்வதற்குள் கல்வியாண்டு முடிந்துவிடும்.

மூன்றாவது, 2023 டிசம்பர் வெள்ளம். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை பெய்த நாள் அது. தாமிரபரணி கரை கடந்தது. அரிசி கொடுத்தார்கள், பாய் கொடுத்தார்கள், பள்ளிப் புத்தகம் கொடுத்தார்கள். எல்லாம் வேண்டியவை, கொடுத்தவர்களுக்கு இன்னும் நன்றியோடு இருக்கிறோம். திருவைகுண்டத்தில் என் மதினியின் அக்காள் வீட்டில் ஒரு பெண்பிள்ளை, அப்போது எட்டு வயது. இன்றைக்கும் வானம் இருட்டினால் அவள் யாரும் சொல்லாமலே தன் புத்தகப்பையையும் தம்பியின் செருப்பையும் எடுத்துக் கட்டிலின்மேல் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வாள். மழை விடுகிற வரைக்கும் இறங்கமாட்டாள். வீட்டில் எல்லோரும் "எவ்வளவு பொறுப்பான பிள்ளை" என்று மெச்சுகிறார்கள். எனக்கு அது பொறுப்பாகத் தோன்றவில்லை. ஆனால் அது வேறு என்ன, அதற்கு என்ன செய்யலாம் என்று உறுதியாகச் சொல்ல எனக்குப் படிப்பு இல்லை. ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கு ஒரு நாள் கூட்டிக்கொண்டு போகலாம் என்று சொன்னதற்கே, பிள்ளைக்கு என்ன கிறுக்கா பிடித்திருக்கிறது என்று கோபித்துக்கொண்டார்கள். 14416 என்ற எண்ணுக்கு இரவு பகல் எந்நேரமும் இலவசமாக அழைத்து மனநல ஆலோசனை கேட்கலாம் என்பதை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அதற்கு மேல் அந்த வீட்டுக்குள் போய், அவர்கள் பேச்சிலேயே பேசி, பயத்தைப் போக்கி, பிள்ளையை அழைத்து வர உறவுக்காரியாகவும் படித்தவளாகவும் ஒருத்தி வேண்டியிருக்கிறது.

முதுநிலைப் பட்டம் வாங்கிவிட்டால் எல்லாம் செய்துவிடலாம் என்ற மயக்கம் எனக்கு இல்லை. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி மருத்துவ உளவியலாளர் என்று சொல்லிக்கொள்ள, முதுநிலைக்கு மேல், இந்திய மறுவாழ்வுக் குழுமம் ஏற்றுக்கொண்ட முழுநேர மேற்பார்வைப் பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சியைத் தந்துவந்த எம்.ஃபில். பட்டமே மற்றத் துறைகளில் நிறுத்தப்பட்டு, மருத்துவ உளவியலுக்கும் மனநலச் சமூகப் பணிக்கும் மட்டும் 2025-26 வரை நீட்டிக்கப்பட்டது. இதெல்லாம் எனக்குத் தெரிவதற்கு ஒன்றரை ஆண்டு ஆனது, நூலகத்திலும் தொலைபேசியிலும் நானாகத் தேடி அலைந்து தெரிந்துகொண்டேன். என்னோடு வேலை பார்த்த ஒரு தங்கைக்கு இது தெரியாது. ஆறு மாதச் சான்றிதழ் வகுப்பு ஒன்றுக்கு நாற்பதாயிரம் ரூபாய் கட்டினாள். முடித்ததும் "சைக்காலஜிஸ்ட்" என்று பலகை வைக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். பலகை அடிக்கக் கொடுத்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அழுதுகொண்டே அந்தப் பலகை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாள். முறையான வாசல் மூடியிருக்கிற ஊரில் இப்படிப்பட்ட கடைகளுக்கு வியாபாரம் பெருகும். உங்கள் சேர்க்கைக் கையேட்டில், எந்தப் பட்டம் எந்த வேலைக்குத் தகுதி தரும், எதற்குத் தராது, அடுத்த படி எங்கே கிடைக்கும் என்று ஒரு பக்கம் தமிழில் அச்சிட்டுக் கொடுங்கள். அந்த ஒரு பக்கம் எத்தனையோ பேருடைய பணத்தையும், அவர்களிடம் ஆலோசனைக்கு வரப் போகிறவர்களின் மனத்தையும் காப்பாற்றும்.

வயதானவர்கள் ஏன் இருபது வயதுப் பிள்ளைகளின் இடத்தைப் பிடிக்க வேண்டும் என்ற கேள்வியும் வரும். வீட்டிலேயே வந்தது. "உனக்குப் பதவி உயர்வுத் தேர்வு இருக்கு, அதை எழுதாம இது எதுக்கு?" என்று அண்ணன் கேட்டான். அவன் அக்கறையில் கேட்கிறான். அவர்கள் இடத்தை நாங்கள் கேட்கவில்லை. பத்து இடம் தனியாகக் கூட்டுங்கள், கட்டணத்தை நாங்கள் கட்டுகிறோம். எனக்குத் தெரிந்தே ஒரு கணக்கு ஆசிரியை, பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்த ஒரு தம்பி, ராதாபுரம் பக்கம் காற்றாலையில் வேலை பார்க்கும் ஒரு பொறியாளர் என்று மூவர் இதே எண்ணத்தோடு இருக்கிறார்கள். அந்தப் பொறியாளர், கோபுரத்தின் உச்சியில் வேலை செய்யும்போது உடனிருந்தவருக்குத் திடீரென்று வந்த பெரும்பயத்தை நேரில் பார்த்த நாளிலிருந்து இதைப் படிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். இவர்கள் பொழுதுபோக்குக்காக வருகிறவர்கள் இல்லை. ஒரு மனிதர் கண்ணெதிரே உடைவதைப் பார்த்து, கையில் ஒன்றும் இல்லாமல் நின்றவர்கள்.

உங்கள் அடுத்த பாடத்திட்டக் குழுக் கூட்டத்தில் இணைப்புப் பருவத்தையும் மாலை வகுப்பையும் விவாதப் பொருளாக வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். நேரில் வந்து விளக்க வேண்டும் என்றால், நாங்கள் நால்வரும் வருகிறோம். மாதத்தின் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை எனக்கு விடுமுறை. மற்ற நாட்களில் என்றாலும் விடுப்புப் போட்டுக்கொண்டு வருவேன். தாள்களுக்கான வரைவு ஒன்றைக் கையால் எழுதி வைத்திருக்கிறேன். அதில் பிழைகள் இருக்கும். நீங்கள் சிவப்பு மையில் திருத்தித் தந்தால் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்வேன்.

அந்தக் கம்மலை அந்த அக்கா தை மாதம் வந்து மீட்டுக்கொண்டு போனார். பொங்கல் கழிந்து ஒரு வியாழக்கிழமை. எண்ணி வாங்கிய பணத்துக்கு ரசீது கொடுத்தேன். அவருடைய கேள்வியைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

இப்படிக்கு,
மிக்க மரியாதையுடன்,
நகைக்கடன் பிரிவு ஊழியர் ஒருவர்,
அம்பாசமுத்திரம், திருநெல்வேலி மாவட்டம்.